மேலெல்லாம் அலர்ஜிங்க

பனமரத்துப்பட்டியில் பொழுது விடியுமுன்பே அரளிக் காட்டில் ஆள் நடமாட்டம் தொடங்கிவிடும். நெற்றியில் டார்ச் லைட்டைக் கட்டிக்கொண்டு பெண்கள் மொட்டுப் பறிப்பார்கள். மலர்ந்துவிட்டால் விலை போகாது. மொட்டாகவே சேலம் பூ மார்க்கெட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். ஜருகுமலை அடிவாரத்தில் இருக்கும் இந்த ஊரைச் சுற்றிப் பல குடும்பங்களுக்குச் சோறு போடுவது அரளிதான். காம்பைக் கிள்ளும்போது கசியும் பால் விரலிடுக்கில் ஒட்டும். வியர்வையைத் துடைக்கும்போது கழுத்துக்கும் முகத்துக்கும் ஏறும். சிலருக்கு அந்த இடம் சிவந்து காந்தும். வரப்போரம் மண்டிக் கிடக்கும் பார்த்தீனியத்தின் தூள் காற்றில் வந்து பட்டால் வேறு சிலருக்கு இமை தடிக்கும், முழங்கை மடிப்பு ஊறலெடுக்கும்.

இவர்களில் ஒருவர் பஸ் நிறுத்தத்துப் பக்கம் மருந்துக்கடையில் போய் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். என்ன சொல்வார்?

"மேலெல்லாம் அலர்ஜிங்க."

கடைக்காரர் ஒரு ட்யூபை எடுத்து நீட்டுவார். விலை அதிகமில்லை. பேச்சு அவ்வளவுதான். அரளிப் பால் பட்டவருக்கும், பார்த்தீனியம் ஒத்துக்கொள்ளாதவருக்கும், இடுப்பில் படர்தாமரை வந்தவருக்கும், குழந்தையிடமிருந்து சொறி தொற்றியவருக்கும் பெரும்பாலும் அதே சொல்தான், அதே ட்யூப்தான்.

இந்த ஒற்றைச் சொல் தமிழ்நாட்டுத் தோல் முழுவதையும் குத்தகைக்கு எடுத்துவிட்டது. அதற்கு வயது என்னவோ நூற்றிருபதுதான். 1906இல் வியன்னாவில் கிளெமென்ஸ் ஃபான் பிர்கே என்ற குழந்தை மருத்துவர், ஒரே பொருள் மறுபடி உள்ளே வரும்போது உடம்பு முன்பு போலில்லாமல் வேறு விதமாக நடந்துகொள்வதைக் கவனித்தார். கிரேக்கத்தில் 'வேறு', 'செயல்' என்று பொருள்படும் இரண்டு சொற்களை ஒட்டி அதற்குப் பெயர் வைத்தார். தீங்கில்லாத பொருளைப் பகையென்று எண்ணி உடம்பின் காவல் அமைப்பு சண்டைக்குக் கிளம்புவதுதான் அலர்ஜி. பார்த்தீனியத்தால் வருவது அந்த வகை. 1950களில் புனே பக்கம் தலைகாட்டி நாடெங்கும் பரவிய அந்தச் செடியால் எத்தனையோ விவசாயிகளின் முகமும் கழுத்தும் தடித்துக் கறுத்திருக்கின்றன. அரளிப் பால் படுத்துவது பெரும்பாலும் நேரடியான எரிச்சல், கண்ணில் மிளகாய் பட்டால் எரிவதைப் போல. சொறியும் படர்தாமரையும் அலர்ஜியே இல்லை. ஒன்று பூச்சி, மற்றொன்று பூஞ்சை.

அலர்ஜி வருவதற்கு முன்னால் இந்தப் பக்கத்து மக்களிடம் சொல்லுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. சேற்றில் நின்று நாற்று நட்டவரின் கால் விரலிடுக்கு வெளுத்து வெடித்தால் அது சேற்றுப்புண். கோடையில் பிடரியில் புடைத்துப் பழுத்தால் வேனல்கட்டி. குதிகாலில் பித்தவெடிப்பு, பாதத்தில் கால் ஆணி, கழுத்தில் மரு, குழந்தையின் முதுகில் வேர்க்குரு, கன்னத்தில் மங்கு, தலையில் காசளவு முடி கொட்டினால் புழுவெட்டு. ஒவ்வொரு பெயரிலும் ஒரு தகவல் இருக்கிறது. எந்த இடம், எந்தப் பருவம், என்ன வேலை, பார்த்தால் எப்படி இருக்கும் என்பதெல்லாம் பெயரைச் சொன்னவுடன் தெரிந்துவிடும்.

காணாக்கடி என்ற சொல்லைப் பாருங்கள். ஏதோ கடித்தது போலத் திட்டுத்திட்டாகத் தடிக்கும். கடித்தது எது என்று தெரியாது. சில மணி நேரத்தில் தடயமே இல்லாமல் மறைந்து வேறிடத்தில் கிளம்பும். டாக்டர் முன்னால் சட்டையைக் கழற்றும்போது ஒன்றும் இருக்காது. ஒரு நோயின் முழு வரலாற்றையும் ஐந்தே எழுத்தில் அடக்கிய பெயர் இது. மேலைநாட்டு மருத்துவத்தில் இதற்கு உர்ட்டிகேரியா என்று பெயர். உர்ட்டிகா என்பது லத்தீனில் தொட்டால் அரிக்கும் ஒரு செடி. நம் ஊர்க் காஞ்சொறிக்கும் செந்தட்டிக்கும் அது தூரத்துச் சொந்தக்காரி மாதிரி. அங்கே செடியைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள், இங்கே காணாத பூச்சியைச் சொல்லிப் பெயர் வைத்தார்கள்.

தோலைத் தமிழர் எவ்வளவு கூர்ந்து பார்த்தார்கள் என்பதற்கு வைத்திய நூல்களைத்தான் புரட்ட வேண்டும் என்பதில்லை. சங்க அகப்பாடல்களில் இளம்பெண்ணின் மேனியில் பொன்துகள் போலப் படரும் சுணங்கு வருகிறது. பிரிவில் நிறம் மாறும் பசலை வருகிறது. அதற்கென்று திருக்குறளில் பசப்புறு பருவரல் என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. மனத்தில் நேர்ந்தது தோலில் தெரியும் என்பதை அந்தக் கவிகள் சந்தேகமில்லாமல் அறிந்திருந்தார்கள்.

சரி, டாக்டருக்கு இந்தச் சொற்களால் என்ன லாபம்?

நிறைய. "அரிக்குதா, எரியுதா, காந்துதா, மரத்துப் போச்சா?" என்ற நான்கு கேள்விகளில் பாதி நோய் பிடிபட்டுவிடும். அரிப்பு சொறியிலும் கரப்பானிலும் படர்தாமரையிலும் வரும். எரிச்சலும் காந்தலும் அக்கியிலும், ஏதாவது பட்டுப் புண்ணானதிலும் வரும். மரத்துப் போவது முற்றிலும் வேறு கதை; அது நரம்பின் செய்தி. 'அலர்ஜி' என்று சொல்லும்போது இந்த நான்கும் கலந்து ஒன்றாகிவிடுகின்றன.

அரிப்பு என்றாலும் எப்போது அரிக்கிறது என்பது முக்கியம். "பகல்ல ஒண்ணும் தெரியறதில்லைங்க, ராத்திரி படுத்தாத்தான் பிச்சுப் புடுங்குது. வீட்ல எல்லாத்துக்கும் இருக்குதுங்க." ஒரு தாய் இப்படிச் சொன்னால், விரலிடுக்கைப் பார்க்குமுன்பே டாக்டரின் மனத்தில் சொறி என்று எழுதியாகிவிடும். அரை மில்லிமீட்டர்கூட இல்லாத ஒரு பெண் சிற்றுண்ணி மேல்தோலில் சுரங்கம் தோண்டி முட்டையிடும் நோய் அது. 1687இல் இத்தாலியில் பொனோமோ என்ற மருத்துவரும் செஸ்டோனி என்ற மருந்துக்காரரும் அந்தப் பூச்சியை நுண்ணோக்கியில் பார்த்து வரைந்து காட்டினார்கள். இன்ன நோய்க்கு இன்ன உயிரிதான் காரணம் என்று மனிதகுலம் முதன்முதலில் காட்டிய நோய்களில் சொறியும் ஒன்று. அப்படியிருந்தும் உலக சுகாதார நிறுவனம் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் இதைச் சேர்த்தது 2017இல்தான். வீட்டில் ஒருவர் விடாமல் எல்லோரும் ஒரே இரவில் மருந்து பூசிக்கொண்டு, துணிமணியையும் துவைத்துக் காயப் போட்டால் தீரும் நோய். அலர்ஜி என்று பெயர் சூட்டி ஒருவர் மட்டும் களிம்பு தடவினால் தீராது.

சொறிவதால் சொறி. இதைச் சொன்னால் மருத்துவ மாணவர்கள் சிரிக்கக்கூடும். அவர்கள் பாடப்புத்தகத்தில் இருக்கும் ஸ்கேபீஸ் என்ற சொல்லும் லத்தீனில் 'சொறிதல்' என்ற வினையிலிருந்து வந்ததுதான்! சோரியாசிஸ் என்பது கிரேக்கத்தில் அரிப்பு. எக்ஸிமா என்றால் கொதித்துப் பொங்குதல். ஹெர்பெஸ் என்றால் ஊர்ந்து போவது. படர்தாமரைக்கு வழங்கும் டீனியா என்ற பெயர் லத்தீனில் ஒரு புழு. ரோம் நகரத்துப் பாட்டிமாரும் பனமரத்துப்பட்டிப் பாட்டிமாரும் ஒரே மாதிரித்தான் பார்த்திருக்கிறார்கள். ஒரு பாட்டியின் சொல் கல்லூரிக்குப் போய்ப் பட்டம் வாங்கியது, மற்றவளின் சொல் திண்ணையிலேயே தங்கிவிட்டது.

அந்தப் பட்டம் கிடைத்த விதமும் தெரிந்துகொள்ள வேண்டியது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிவரை ஐரோப்பாவிலும் தோல் நோய்களின் பெயர்கள் ஒரே குழப்பம். ஊருக்கு ஊர், நூலுக்கு நூல் வேறு வேறு பெயர். 1776இல் பிளெங்க் என்பவரும், அவரைத் தொடர்ந்து லண்டனில் ராபர்ட் வில்லன் என்ற மருத்துவரும் ஒரு வழி கண்டார்கள். காரணத்தைத் தேடி அலைய வேண்டாம், கண்ணுக்கு முன்னால் இருப்பது என்ன வடிவம் என்று மட்டும் பார்ப்போம். சமமான புள்ளியா, மேலெழுந்த பருவா, நீர்க் கொப்புளமா, சீழ் வைத்ததா, செதிலா? வில்லனின் நூல் 1798இலிருந்து பகுதி பகுதியாக வெளிவந்தது. இன்றைக்கும் தோல் மருத்துவம் படிப்பவரின் முதல் பாடம் அந்த வடிவங்கள்தான். புள்ளி, தடிப்பு, பரு, கொப்புளம், செதில், பொருக்கு, வெடிப்பு, தழும்பு என்று வீட்டுத் தமிழிலேயே அந்தப் பாடத்தை நடத்திவிடலாம். ஒன்றுக்குக்கூட அகராதியைத் தேடிப் போக வேண்டியதில்லை.

எல்லா நாட்டுப் பெயரும் இப்படி நல்ல பெயரா என்றால், இல்லை. ஒரு பெயர் பல தலைமுறைகளாகக் குடும்பங்களைக் கொன்றிருக்கிறது.

குட்டம் அல்லது குஷ்டம் என்ற சொல் தொடக்கத்தில் ஒரு தனி நோயின் பெயரன்று. சித்த மருத்துவத்தில் யூகி முனிவர் பெயரில் வழங்கும் நூல் 18 வகைக் குட்டங்களைச் சொல்கிறது. ஆயுர்வேதமும் ஏழு பெரியவை, பதினொன்று சிறியவை என்று அதே 18ஐத்தான் கணக்கிடுகிறது. செதில் உதிர்வது, கறுப்பது, வெளுப்பது, வெடிப்பது என்று தோலின் நாட்பட்ட நோய்கள் பலவும் அந்தக் குடைக்குள் இருந்தன. மேற்கிலும் இதே கதை. கிரேக்கத்தில் லெப்ரா என்றால் செதில் செதிலாக உரிவது, அவ்வளவே. சோரியாசிஸ் வந்தவரும் அந்தப் பெயருக்குள் அடைபட்டார். 1841இல் வியன்னாவின் ஃபெர்டினாண்ட் ஃபான் ஹெப்ராதான் சோரியாசிஸ் வேறு, தொழுநோய் வேறு என்று திட்டமாகப் பிரித்தார். சித்த மருத்துவர்கள் அதைக் காளாஞ்சகப்படை என்று தனிப்பெயரிட்டு அழைக்கிறார்கள்.

காலப்போக்கில் குஷ்டம் என்ற சொல் சுருங்கித் தொழுநோய் ஒன்றையே குறிப்பதாயிற்று. பதினெட்டு பேரும் சுமந்த பெயர் ஒருவர் தலையில் இறங்கியது. அந்த நோயின் மேல் இருந்த அச்சமோ திரும்ப மற்றவர்கள் மேலும் படிந்தது. பைபிளின் எபிரேயச் சொல் ஒன்று கிரேக்கத்தில் லெப்ரா ஆகி, தமிழில் குஷ்டரோகம் ஆனது. அந்த எபிரேயச் சொல் துணிக்கும் வீட்டுச் சுவருக்கும் வரும் கறையையும் சேர்த்துச் சொன்ன சொல். 'பனி போல வெண்மை' என்ற வருணனையும் அதனோடு சேர்ந்து வந்தது. தொழுநோயில் தோல் பால் போல வெளுப்பதில்லை. ஆனால் வெள்ளைத் திட்டு என்றாலே குஷ்டம் என்ற எண்ணம் ஊன்றிவிட்டது.

இதற்குப் பலியானவர்கள் வெண்புள்ளி வந்தவர்கள். தோலுக்கு நிறம் தரும் செல்களை உடம்பின் காவல் அமைப்பே அழித்துவிடுவதால் திட்டுத்திட்டாக வெளுக்கும் நிலை இது. உலகில் ஏறத்தாழ நூறில் ஒருவருக்கு வருகிறது. தொற்றாது, வலிக்காது, உயிருக்கு ஆபத்தில்லை. அதை வெண்குஷ்டம் என்று அழைத்தோம். அந்த ஒரு பெயரால் எத்தனை பெண்களுக்குக் கல்யாணம் நின்றது, எத்தனை பிள்ளைகள் பள்ளியில் தனி பெஞ்சில் உட்கார்ந்தார்கள் என்று கணக்கெடுத்தவர் இல்லை. நெற்றியில் ஸ்டிக்கர் பொட்டு வைத்த இடம் மட்டும் வெளுத்த பெண்களும் அந்தப் பெயரைச் சுமந்தார்கள். சில பொட்டுகளின் பசையில் கலந்த ஒரு ரசாயனம் நிறச் செல்களைக் கெடுப்பதால் வருவது அது. பொட்டை நிறுத்தினால் பலருக்குப் பரவுவது நிற்கும்.

இந்தப் பெயரை மாற்ற முன்வந்தவர்கள் பாதிக்கப்பட்டவர்களேதான். சென்னையை மையமாகக் கொண்ட வெண்புள்ளிகள் விழிப்புணர்வு இயக்கம் பல ஆண்டுகள் விடாமல் வலியுறுத்தியது. வெண்குஷ்டம் என்ற சொல்லைக் கைவிட்டு வெண்புள்ளிகள் என்றே குறிப்பிட வேண்டும் என்று தமிழ்நாடு அரசு ஆணையிட்டது. ஒரு சொல்லை எடுத்துவிட்டு வேறொன்றைப் போடுவதால் தோலின் நிறம் திரும்பாது என்பது அவர்களுக்கும் தெரியும். பத்திரிகையிலும் மருத்துவமனைச் சீட்டிலும் ஒரு நல்ல பெயர் இருந்தால், பெண் பார்க்க வந்த வீட்டில் வாய்விட்டுச் சொல்ல முடியும். அதற்காகத்தான் போராடினார்கள். சித்த மருத்துவம் இதை வெண்படை என்கிறது. அந்த நல்ல பெயர் நம் கையிலேயே இருந்தும் ஊர் வாயில் ஏறியது மற்றதுதான் என்பதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

தொழுநோயின் பெயரும் மாறிக்கொண்டேதான் வந்திருக்கிறது. பெருநோய், பெருவியாதி, குஷ்டம், தொழுநோய். 1873இல் நார்வேயின் ஹான்சன் அதன் கிருமியைக் கண்டுபிடித்த பிறகும் பழைய அச்சம் போகவில்லை. நோயாளிகளை அடைத்து வைக்க வழிசெய்த 1898ஆம் ஆண்டுச் சட்டம் நம் நாட்டில் நீக்கப்பட்டது 2016இல். தொழுநோயைக் காட்டி விவாகரத்துக் கேட்கலாம் என்ற பிரிவு நீங்கியது 2019இல். வேலூரில் பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் 1940களின் இறுதியிலிருந்து இந்த நோயாளிகளின் மடங்கிய விரல்களைச் சீராக்கும் வேலையில் இறங்கினார். விரல்கள் தாமாக உதிர்வதில்லை, வலி தெரியாததால் காயம்பட்டுத்தான் குறைகின்றன என்பதை அவர் நிறுவினார். தூங்கும்போது எலி கடித்தால்கூட அவர்களுக்குத் தெரிவதில்லை என்று கண்டு, நோயாளிகளுக்குப் பூனை வளர்க்கக் கொடுத்தார்.

அரசின் சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகத் தொழுநோய்க்குச் சோதிக்க வரும்போது அந்தப் பெயரை எடுத்தவுடன் சொல்வதில்லை. "உணர்ச்சியில்லாத தேமல் எங்கயாச்சும் இருக்குதுங்களா?" என்றுதான் கேட்பார்கள். சுவரில் எழுதும் விளம்பரத்திலும் அதே சொல்தான். தேமல் என்ற சொல்லுக்கு எந்த அவமானமும் கிடையாது. அழகுத்தேமல் என்று அழகைக்கூடச் சேர்த்துச் சொல்லும் ஊர் இது. பூஞ்சையால் வரும் சாதாரணத் தேமலில் தொட்டால் தெரியும். தொழுநோய்த் தேமலில் தெரியாது. 'உணர்ச்சியில்லாத' என்ற ஓர் அடைமொழியைச் சேர்த்து, அச்சமில்லாத சொல்லால் அச்சமூட்டும் நோயைக் கண்டுபிடிக்கிறார்கள். கண்டுபிடித்தால் ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ இலவச மாத்திரை, அதோடு தீர்ந்தது. இந்தக் கேள்வியை முதலில் எழுதியவர் யாரோ, அவர் தமிழையும் தமிழரையும் அறிந்தவர்.

பெயர் மறைக்கும் உறவுகளும் உண்டு. சின்னம்மையும் அக்கியும் ஒரே வைரஸ் என்று சொன்னால் இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் ஒப்புக்கொள்ளத் தயங்குவார்கள். ஒன்று ஆத்தாள், வேப்பிலை செருகி, வந்திருக்கிறாள் என்று வணங்கி, முத்து இறங்கியதும் தலைக்குத் தண்ணீர் ஊற்றி அனுப்பிவைப்பது. மற்றொன்று அக்கினி, தீ சுட்டது போல எரியும். குயவர் வீட்டுக்குப் போய்ச் செங்காவியால் மேலே எழுதிக்கொண்டு வருவது. அம்மைக்கு வந்த வைரஸ் குழந்தைப் பருவம் முடிந்தும் போய்விடாமல் நரம்பு வேரில் உறங்கிக் கிடக்கிறது. முப்பது நாற்பது வருடம் கழித்து, வயதோ நோயோ உடம்பைத் தளர்த்தும்போது, அந்த ஒரு நரம்பின் வழியே விழித்து வெளியே வருகிறது. அதனால்தான் அக்கி உடம்பின் ஒரே பக்கத்தில், ஒரு பட்டை போல மட்டும் கிளம்புகிறது. தாத்தாவின் அக்கிக் கொப்புளத்திலிருந்து அம்மை வராத பேரனுக்கு அக்கி வராது, சின்னம்மை வரும்.

காவி எழுதுவதால் குளிர்ச்சியாக இருப்பது போலத் தோன்றலாம். கொப்புளம் கிளம்பிய மூன்று நாளுக்குள் வைரஸ் மருந்தைத் தொடங்கினால்தான் அதன் முழுப் பலன் கிடைக்கும். அந்த மூன்று நாள் குயவர் வீட்டு வாசலில் கழிந்துவிடுகிறது. கண்ணருகே வந்த அக்கியை ஒரு பொழுதுகூடத் தள்ளிப்போடக் கூடாது, பார்வையே போகலாம்.

மருத்துவத்தைத் தமிழில் சொல்லும் முயற்சி நேற்று தொடங்கியதன்று. 1847இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்த சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் என்ற அமெரிக்க மருத்துவர் தமிழ் கற்று, தமிழிலேயே மருத்துவ வகுப்பு நடத்தினார். உடற்கூறு, மகப்பேறு, அறுவை மருத்துவம், வேதியியல் என்று பாடநூல்களை மாணவர்களுடன் சேர்ந்து மொழிபெயர்த்தார். 'இரணவைத்தியம்' 1867இலும் 'மனுஷ அங்காதிபாதம்' 1872இலும் வெளிவந்தன. அமெரிக்காவில் வூஸ்டர் நகரில் இருக்கும் அவருடைய கல்லறையில் தமிழருக்கான மருத்துவ ஊழியர் என்றே பொறித்திருக்கிறது.

சேலத்துக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 1916இல் இங்கே வக்கீலாக இருந்த ராஜாஜி, வெங்கடசுப்பையர் என்பவரோடு சேர்ந்து தமிழ் சாஸ்திர பரிபாஷைக் கழகம் என்று ஒன்றைத் தொடங்கினார். விஞ்ஞானச் சொற்களைத் தமிழில் ஆக்குவதே அதன் வேலை. அதற்கென்று ஒரு பத்திரிகையும் நடந்தது. அடுத்த ஆண்டு அவர் நகராட்சித் தலைவரானார். மேட்டூர் அணை இன்னும் வராத காலம். அந்த நாளில் சேலத்துக் குழாய்களில் வந்தது பனமரத்துப்பட்டி ஏரித் தண்ணீர். தண்ணீர் இந்தக் கிராமத்திலிருந்து நகரத்துக்குப் போனது போல, வேர்க்குருவும் காணாக்கடியும் சேற்றுப்புண்ணும் அந்தச் சொல்லாக்கக் கூடத்துக்குப் போயிருக்கலாம். பெரும்பாலும் வடமொழி வேரிலிருந்தே சொல் செய்த காலம் அது. பின்னாளில் மணவை முஸ்தபா போன்றவர்கள் மருத்துவத்துக்கென்றே பெரிய கலைச்சொல் அகராதிகளைத் தந்தார்கள். அந்த உழைப்பு பெரிது. ஆனால் அகராதிச் சொல் மருத்துவக் கல்லூரி வகுப்புக்குள் நுழைய வழியில்லாமல் நூலகத்தில் நிற்கிறது. நோயாளியின் சொல்லும் வெளியே நிற்கிறது. நடுவில் அலர்ஜி வந்து உட்கார்ந்துகொண்டது.

அதன் விலையை இன்று அதிகம் கொடுப்பவர்கள் படர்தாமரைக்காரர்கள். தண்ணீரில் மிதக்கும் தாமரை இலை மாதிரி வட்டமாக, ஓரம் மேடாக, நடுவில் தெளிந்து, நாளுக்கு நாள் அகலும் நோய். எந்த மருத்துவ மாணவரும் இதைவிட நன்றாக வருணிக்க முடியாது. சில வாரம் பூஞ்சை மருந்து பூசினால் போய்க்கொண்டிருந்த இந்த நோய், கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் இந்தியா முழுவதும் மாதக்கணக்கில் நீடிக்கிறது. வழக்கமான மாத்திரைக்கு மசியாத ஒரு பூஞ்சையைப் பிரித்தறிந்து 2020இல் ஜப்பானிய அறிஞர்கள் அதற்கு ட்ரைக்கோஃபைட்டான் இண்டோடினியே என்று பெயரிட்டார்கள். பெயரிலேயே இந்தியா இருக்கிறது.

இதற்குப் பல காரணம் உண்டு. மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது கடையில் வாங்கும் கலவைக் களிம்பை. அதில் பூஞ்சை மருந்தும் இருக்கும், பாக்டீரியா மருந்தும் இருக்கும், கூடவே வீரியமான ஸ்டீராய்டும் இருக்கும். பூசிய இரண்டாம் நாள் அரிப்பு அடங்கிவிடும், சிவப்பும் போய்விடும். பூஞ்சையோ தடுப்பாரில்லாமல் உள்ளே பரவும். வட்டம் கலையும், ஓரம் மறையும். பார்த்தவுடன் படர்தாமரை என்று சொல்ல வைத்த அத்தனை அடையாளமும் அழிந்துவிடும். இப்படி வேடம் மாறிய நோய்க்கு 1968இலேயே டீனியா இன்காக்னிட்டோ என்று பெயர் வைத்தார்கள். ஆள் தெரியாமல் ஒளிந்து திரியும் படர்தாமரை என்று அர்த்தம். அதே களிம்பை முகம் வெளுக்க வேண்டும் என்று பூசும் பெண்கள் இருக்கிறார்கள். தோல் மெலிந்து, ரத்தக் குழாய் தெரிந்து, பருவும் முடியும் கிளம்பி, வெயிலில் போனால் எரிந்து அவதிப்படுகிறார்கள். 2018இல் மத்திய அரசு ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. அதற்குப் பிறகும் கடையில் கேட்டால் கிடைக்கிறது.

ஒரு பெயர் அதிர்ஷ்டத்தைச் சொல்லி ஏமாற்றுவதும் உண்டு. மச்சம். எங்கே இருந்தால் என்ன பலன் என்று சாஸ்திரமே இருக்கிறது. நம்மைப் போன்ற நிறத்தவர்களுக்கு மெலனோமா என்ற தோல் புற்று அரிது. வந்தால் பெரும்பாலும் வெயில் படாத உள்ளங்காலிலும் நகத்தடியிலும் வருகிறது. பாடகர் பாப் மார்லிக்குக் கால் பெருவிரல் நகத்தடியில் தொடங்கியது. 1981இல் இறந்தபோது அவருக்கு வயது 36. வளர்ந்த பிறகு உள்ளங்காலில் புதிதாகக் கறுத்து, ஓரம் கோணலாகி, மாதாமாதம் அகலும் புள்ளியை மச்சம் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருக்கக் கூடாது. காட்டு வேலை முடித்துக் கால் கழுவும்போது உள்ளங்காலையும் ஒருமுறை திருப்பிப் பார்த்தால் போதும்.

அரளி பறித்துவிட்டுச் சேலத்துப் பெரியாஸ்பத்திரிக்குப் பஸ் ஏறுபவர் எந்தச் சொல்லைக் கொண்டுபோகலாம்? மருத்துவப் பெயர் எதுவும் வேண்டாம். எங்கே கிளம்பியது, எத்தனை நாளாச்சு, அரிக்குதா, காந்துதா, மரத்துப் போச்சா, ராத்திரி கூடுதா, வீட்டில் வேறு யாருக்கு இருக்கு, அன்றைக்கு என்ன வேலை செய்தார் என்று வீட்டில் பேசும் தமிழிலேயே சொன்னால் போதும். தோல் பிரிவில் உட்கார்ந்திருக்கும் டாக்டர் இவ்வளவையும் கேட்டுவிட்டுக் கடைசியாக ஒன்று கேட்பார்.

"இதுக்கு முன்னாடி என்னம்மா பூசினீங்க?"

"பேர் தெரியலைங்க. ஒரு வெள்ளை ட்யூபு."

அந்த ட்யூப் வீட்டு மாடக்குழியில், பாதி பிதுக்கிய நிலையில், சீப்புக்கும் பவுடருக்கும் பக்கத்தில் கிடக்கும். காலியாகியிருந்தாலும் பரவாயில்லை, மஞ்சப்பையில் போட்டுக் கையோடு எடுத்துப் போக வேண்டும்.